கடைசிப் பலகை

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். கையெழுத்து மலையேறி இறங்கும். ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது இன்னொன்று மறந்துபோகும். நான் எழுதிக் கொடுப்பதை மருமகள் பார்த்து, பிழை நீக்கித் தட்டச்சு செய்கிறாள். முன்னே பின்னே இருந்தால் என் வயதுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஷார்ஜாவில் நம் ஆட்கள் போடுகிற ஆண்டு மலரில், அவரவர் சிறுவயதில் பார்த்த கடைத்தெருவைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். என்னைக் கேட்காமலேயே மருமகள் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் அல்லவா, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மகன் ஒரு லீவு நாளில் துபாய் மெரினாவுக்கு அழைத்துப் போய் டிராமில் ஏற்றினான். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. பெண்களுக்குத் தனி இடம் இருந்தது. வண்டி கிளம்பியதே தெரியவில்லை. மணிச் சத்தம் இல்லை. "என்னம்மா, உங்க மெட்ராஸ் டிராம் இப்படி இருந்துச்சா?" என்று மகன் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் டிராம் வருவதற்கு முன்பே காதில் கேட்டுவிடும். ஓட்டுகிறவர் நின்றுகொண்டுதான் ஓட்டுவார். காலால் மிதித்து மணி அடிப்பார். மேலே கம்பியில் நீலமாகப் பொறி பறக்கும்.

நான் பிறந்தது பழைய வண்ணாரப்பேட்டை. எங்கள் தெருவுக்குள் டிராம் பாதை வந்தது தாத்தா காலத்தில் என்று அப்பா சொல்லுவார். அதற்கு முன்னால் அது மாட்டுவண்டிகள் நிற்கிற வெறும் சந்தாம். துணி மூட்டை சுமந்த கழுதைகள் போகுமாம். தண்டவாளம் போட்டதும் வீட்டுக்காரர்கள் எல்லாம் பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, தண்டவாளத்தைப் பார்த்துப் புது வாசல் உடைத்தார்கள். வீட்டின் முன்கட்டு கடையாயிற்று, வீட்டு ஆட்கள் பக்கத்துச் சந்து வழியாகப் போய் வந்தார்கள். ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போகிறவர்கள் ஏறி இறங்க, இருபது முப்பது வருஷத்தில் அது பெரிய கடைத்தெருவாகிவிட்டது. மளிகை, வெற்றிலை, பாத்திரம், காபி கிளப், பூக்கடை எல்லாம் இருந்தது. எங்கள் கடை நூல், நாடா, ஊசி, சீப்பு விற்கிற கடை. சின்னக் கடைதான். ஆனால் வண்டி வந்து திரும்புகிற கடைசி ஸ்டாப்பிங் எங்கள் கடைக்கு நேர் எதிரே. அதனால் அப்பாவைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது மாதிரி அன்றைக்கு ஷட்டர் கிடையாது. கடைக்குக் கடை மரப்பலகைகள்தான். மேலேயும் கீழேயும் காடி வெட்டி, அதில் ஒவ்வொன்றாகச் சொருகியிருப்பார்கள். மாறிப்போகாமல் இருக்கப் பலகையில் எண் எழுதியிருக்கும். எங்கள் கடைக்கு ஒன்பது பலகை. காலையில் வாசல் தெளித்து, சாமி படத்துக்குச் சூடம் காட்டி, ஒன்று முதல் எட்டு வரை எடுத்துவிடுவார்கள். கடைசிப் பலகையை மட்டும் எடுக்க மாட்டார்கள். நல்ல முகமாகத் தெருவில் ஒருவர் வரும் வரை காத்திருப்பார்கள். சுமங்கலி, நிறைகுடம், கன்றோடு பசு, பெண் குழந்தை. அப்படி யாராவது கண்ணில் பட்டதும் தெரு முழுக்கக் கடைசிப் பலகைகள் தடதடவென்று கழலும். அதற்குப் பிறகுதான் வியாபாரம். வேறெந்தத் தெருவிலும் இந்த வழக்கத்தை நான் பார்த்ததில்லை. கடைகள் ஏழு மணி வண்டிக்குத் திறக்கும்.

ஏழு மணி வண்டியில்தான் என் அத்தை போக வேண்டும்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன வருஷத்திலேயே புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ இருக்கும். நெற்றியில் ஒன்றும் வைக்க மாட்டாள், பூ கிடையாது, வெளிறிய சேலை. வீட்டில் யாரோடும் அதிகம் பேச மாட்டாள். என்னோடு மட்டும் பேசுவாள். எழும்பூர்ப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலைக்குப் படிக்கச் சேர்ந்தாள். யார் சொல்லிச் சேர்ந்தாள், அப்பா எப்படிச் சம்மதித்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பாரிமுனையில் வண்டி மாறி எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆறரை வண்டியில் ஆலை ஆட்கள் படியில் தொங்குவார்கள், பெண்பிள்ளை கால் வைக்க முடியாது. ஏழேகால் வண்டியில் போனால் ஆஸ்பத்திரிக் கதவை மூடிவிடுவார்கள். அடுத்த ஸ்டாப்பிங்குக்கு நடந்து போனாலும் அதுவும் இதே கடைத்தெருதான்.

ஆக, தெரு முழுக்கக் கடைசிப் பலகையோடு நல்ல முகத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், என் அத்தை வெளிறிய சேலையோடு சந்திலிருந்து வருவாள்.

அவளிடம் நேராக யாரும் எதுவும் சொல்லவில்லை. மளிகைக்கடைப் பெரியவர் ஒரு நாள் அப்பாவைத் தேடி வந்தார். நான் கடைக்குள் நாடா சுற்றிக்கொண்டிருந்தேன். "தம்பி, உன் தங்கச்சி படிக்கறது நல்ல விஷயம்பா. நாங்க ஒண்ணும் தப்பு சொல்லல. அடுத்த வண்டில போவக் கூடாதா? நாலு பேரு பொழைக்கற எடம்" என்றார். அப்பா "சரிங்க, சரிங்க" என்றார். அப்பா எல்லாரிடமும் சரிங்க என்றுதான் சொல்லுவார். கடன் கேட்டு வருகிறவனிடம்கூட இல்லை என்று சொல்ல முடியாமல் கடைக்குள் போய் ஒளிந்துகொள்வார். அம்மா அவரைப் பயந்தாங்கொள்ளி என்பாள். அத்தையும் அப்படித்தான் சொல்லுவாள், சிரித்துக்கொண்டே.

அதற்கு இரண்டு நாள் கழித்து அப்பா கடைத்தெருவில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். தன் மகள் எதிரே வந்த நாளில் வியாபாரம் நன்றாக ஆகிறது என்று. முதலில் காபி கிளப்காரரிடம் சொன்னார். அவரிடம் சொன்னால் போதும், நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும். அது தீபாவளிக்கு முந்தின சமயம், எல்லாக் கடையிலும் வியாபாரம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் நான் ராசிக்காரப் பெண்ணாகிவிட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது.

தினமும் காலையில் அம்மா எனக்கு இரட்டைச் சடை போட்டு, பூ வைத்து, பெரிய பொட்டு வைத்து அனுப்புவாள். நான் சந்திலிருந்து முதலில் வந்து ஸ்டாப்பிங் கம்பத்தின் அருகில் நிற்பேன். தெரு முழுக்கப் பலகைகள் தடதடவென்று கழலும். எனக்காக! மளிகைக்கடைப் பெரியவர் ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார். பூக்காரம்மா கன்னத்தை வழிப்பாள். சந்து முனையில் இருக்கிற குழாயடியில் அத்தை நின்றிருப்பாள். பலகைகள் கழன்ற பிறகு தலையைக் குனிந்து நடந்து வந்து வண்டியில் ஏறிவிடுவாள். அவள் ஏன் என்னோடு வராமல் பின்னால் நிற்கிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. வெல்லத்தைச் சப்பிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. மூன்றாவது வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் வெற்றிலைக்கடைக்காரர் மகள். அவளிடம் ஒரு நாள், "நான் வரலேன்னா கடைத்தெருவே தெறக்காது, தெரியுமா?" என்றேன்.

"போடீ. வராம இருந்து காட்டேன் பாப்போம்" என்றாள் அவள்.

அதற்கு மறுநாள்தான் அத்தைக்குக் கடைசிப் பரீட்சை. எனக்கு அது தெரியும். முந்தின நாள் சாயங்காலம் அத்தை என்னைப் பாயில் படுக்க வைத்து, தலையணையைக் குழந்தையாக்கி, வாய்க்குள்ளேயே கேள்வியும் பதிலுமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணைக்குத் தொப்புள்கொடியாக எங்கள் கடை நாடாவைக் கட்டியிருந்தாள். "அசையாதேடி, நீ பிள்ளைத்தாச்சி" என்றாள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். பெரிய டாக்டரம்மா எதிரே நின்று கேட்பார்களாம். எட்டு மணிக்கு மேல் போனால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமாம். அதையும் சொன்னாள். எட்டு வயதில் ஒரு வருஷம் என்றால் என்ன என்று யாருக்குத் தெரியும்?

காலையில் அம்மா பூ வைத்து அனுப்பியதும் நான் சந்து வழியாகப் போகவில்லை. பின்கட்டு வழியாகக் கடைக்குள் நுழைந்தேன். அப்பா வெளியே வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுப் பலகை எடுத்தாயிற்று. ஒன்பதாவது பலகை ஓரமாக நின்றது. எட்டு வயதுப் பிள்ளை ஒளிந்துகொள்ள ஒரு பலகை போதும். நாடா அலமாரிக்கும் பலகைக்கும் நடுவே நின்றுகொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெற்றிலைக்கடை மகள் எதிர்ப்பக்கம் அவள் அப்பா கடை வாசலில் நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே குஷி.

வண்டி வந்துவிட்டது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். கடைசி ஸ்டாப்பிங் என்பதால் கண்டக்டர் கயிற்றைப் பிடித்து, மேலே கம்பியைத் தொடுகிற கம்பத்தை இழுத்து வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் திருப்ப வேண்டும். அதற்குள் ஏறுகிறவர்கள் ஏறிக்கொள்ள வேண்டும்.

"எங்கப்பா உன் மகாலட்சுமி?" என்று மளிகைக்கடைப் பெரியவர் கேட்டார்.

"கெளம்பிட்டாளே. இப்ப வந்துடுவா" என்றார் அப்பா.

"பூ முடிக்க நேரமாவுது போல. சினிமாவுல சேத்து வுட்டுடு" என்றார் காபி கிளப்காரர். நாலு பேர் சிரித்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

குழாயடியில் அத்தை தெரிந்தாள். கையில் நீலத் துணிப்பை. இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை. எனக்குக் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. கண்டக்டர் கம்பத்தைத் திருப்பி முடித்துவிட்டுக் கயிற்றைக் கட்டினார். ஓட்டுகிறவர் இந்தப் பக்கம் வந்து நின்று ஒரு தடவை மணியை மிதித்தார்.

அத்தை நடக்க ஆரம்பித்தாள்.

தெரு அப்படியே அடங்கிப்போனது. பூக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மளிகைக்கடைப் பெரியவர் தன் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுப்பா. புள்ள வந்துடட்டும். காலங்காத்தால எங்க எல்லார் வாயிலயும் மண்ணப் போடாதே" என்றார்.

அத்தை தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டாள். அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இரண்டாவது தடவை மணி அடித்தது.

அப்பா இடுக்குக்கு நேரே நின்றிருந்தார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது. சரிங்க என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நீ போம்மா. நேரமாச்சு" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பி, அத்தை முகத்துக்கு நேராக, தெரு முழுக்கப் பார்த்திருக்க, ஒன்பதாவது பலகையைத் தூக்கினார்.

நான் நின்றிருந்தேன். இரட்டைச் சடையும் பூவும் பொட்டுமாக.

பலகை அப்பா கையில் ஆடிற்று. ஒரு முனை தரையில் இடித்தது. அவர் முகம் அவ்வளவு அருகில் இருந்தது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மற்ற எல்லாருக்கும் அவர் முதுகுதான் தெரிந்தது.

முதலில் காபி கிளப்காரர்தான் தொடையைத் தட்டினார். "அட, உள்ளயே வச்சிருந்திருக்கான்யா! இன்னாமா வேல காட்டறான் பாரு!" தெருவே சிரித்தது. மளிகைக்கடைப் பெரியவரும் சிரித்துவிட்டார். "கில்லாடிப்பா நீ. ஒரு நிமிஷம் நெஞ்சே நின்னுபோச்சு" என்று சொல்லித் தன் பலகையைக் கழற்றினார். தடதடவென்று எல்லாப் பலகையும் கழன்றது. அத்தை ஓடிப்போய்ப் படியில் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள், சிரித்தாள், கையை ஆட்டினாள். வண்டி நகர்ந்துவிட்டது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பா பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அத்தை கூப்பிட்டது கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு."

அடிக்கவில்லை. திட்டவில்லை. "பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றார். வகுப்பில் வெற்றிலைக்கடை மகள் என்னோடு சண்டை பிடித்தாள். "உங்கப்பா உன்னை ஒளிச்சு வெச்சாரு. அது சேத்தி இல்ல" என்றாள். அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிய துக்கம்.

சாயங்காலம் அத்தை வந்தாள். பரீட்சை நன்றாகச் செய்திருந்தாள் போல, முகம் தெளிவாக இருந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஏண்ணா, புள்ளைய உள்ள நிறுத்தியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் செத்தே போயிட்டேன்" என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடி என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லியிருந்தா நீ சிரிச்சிருப்பே. காரியம் கெட்டிருக்கும்" என்றார்.

"பயந்தாங்கொள்ளி. ஆனா தந்திரக்காரன்" என்று அத்தை சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அப்பாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. நானும் தப்பித்தோம் என்று சிரித்தேன்.

அத்தை தேறிவிட்டாள். ஆஸ்பத்திரியிலேயே தங்கி வேலை பார்த்தாள். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ டிராம் நின்றுவிட்டது. கம்பெனிக்கு நஷ்டம் என்றார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பஸ் வேறு தெரு வழியாகப் போயிற்று. தண்டவாளத்தைப் பார்த்து வாசல் வைத்த கடைகள் எல்லாம் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு கடையாக மூடினார்கள். எங்கள் கடையும் படுத்துவிட்டது. நான் ஐந்தாவதோடு நின்றேன். வீட்டுக்கு அரிசி வந்தது அத்தையின் சம்பளத்தில்தான். மளிகைக்கடைப் பெரியவரின் பேத்திக்கு இக்கட்டான பிரசவம் வந்தபோது அவரே ரிக்ஷா வைத்துக்கொண்டு போய் அத்தையின் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். குழந்தையை முதலில் தொட்ட கை அத்தையின் கை. அன்றைக்கு யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

அத்தை எங்கே போனாலும் அந்தப் பலகைக் கதையைச் சொல்லுவாள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில், சாவுகளில்கூட. எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா ஒரு ஓரமாக உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார். நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். பதினாறு பதினேழு வயதில் ஒரு நாள், பாத்திரம் துலக்கும்போது, ஏதோ ஒரு நினைவில் எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு நான் அங்கே இருந்தது தெரியாது. அவர் தங்கையின் வெறும் நெற்றியைப் பார்த்துத்தான் பலகையைத் தூக்கினார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தெருவை எதிர்த்தார். அதைச் சொன்னால் நான் அத்தையைக் கைவிட்டு ஒளிந்ததும் வெளியே வந்துவிடும் என்று, அதையும் தந்திரமென்று ஒப்புக்கொண்டார். எட்டு வயதுப் பிள்ளைக்கு அடி விழாமல் இருக்கக் கொடுத்த விலை அது. புரிந்த பிறகும் நான் அத்தையிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்பா போய்விட்டார். பல வருஷம் கழித்து அத்தையும் போய்விட்டாள், தன் அண்ணன் தந்திரக்காரன் என்று நம்பிக்கொண்டே.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் இருக்கிற கட்டடத்தின் கீழே ஒரு பரமக்குடித் தம்பி மளிகைக்கடை வைத்திருக்கிறார். காலையில் அவர் ஷட்டர் தூக்குகிற நேரத்தில் நான் பால் வாங்க இறங்குவேன். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷமாகிறது. அதனால் நான் லிஃப்ட் பக்கத்திலேயே நின்றுகொள்வேன். வேறு யாராவது முதலில் உள்ளே போன பிறகுதான் போவேன். எனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. என் கால்தான் நின்றுவிடும்.

ஒரு நாள் அந்தத் தம்பி ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா, டெய்லி அங்கனயே நிக்கிறீக? லிஃப்ட்டுக்குக் காவலா?"

"இல்ல தம்பி. யாராச்சும் வரட்டும். காலைல முதல்ல நான் எதுக்கு?" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஷட்டரை மறுபடி பிடித்துக்கொண்டார். பிறகு, "எல்லாரும் டூட்டிக்குப் போயாச்சும்மா, இனி யாரு வரப்போறா? நீங்கதான் போணி. வாங்க" என்று சொல்லி, என்னைப் பார்த்துக்கொண்டே மீதி ஷட்டரை மேலே தள்ளினார். அந்தச் சத்தத்தில் எனக்கு அப்பா பலகை தூக்கியதுதான் கண்ணில் வந்தது. பால் வாங்காமலே மேலே வந்துவிட்டேன். மறுநாள் போய் வாங்கினேன்.

இதில் நான் எழுதியிருக்கிற தெரு வழி, வண்டி நேரம், டிராம் எப்போது நின்றது என்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். பாரிமுனையில்தான் வண்டி மாறினாளா என்பதும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. பழைய மெட்ராஸ் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்தித் தர வேண்டும். மருமகளிடமும் சொல்லியிருக்கிறேன், எதை வேண்டுமானாலும் திருத்திக்கொள், பலகை அப்பா கையில் ஆடியதை மட்டும் எடுத்துவிடாதே என்று.